ஆடாத தவளைத்தொடைகள்

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொதி பிரிக்கும் மேசையருகே அன்று நான்தான் நின்றுகொண்டிருந்தேன். பெட்டிக்குள் நுரைத்தாளில் சுற்றிய இரண்டு அலுமினியத் துண்டுகள். உள்ளங்கை நீளம், ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கி, நடுவே மூன்று துளைகள். விமானத்தின் சரக்குக் கதவைத் தாங்கிப் பிடிக்கும் கை அது. வரைபடத்தில் அதற்குப் பதினோரு இலக்க எண் உண்டு. எங்கள் பட்டறையில் யாரும் எண்ணைச் சொல்வதில்லை, தவளைத்தொடை என்போம். பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஒன்று நாங்கள் செய்தது. மற்றது போர்ச்சுகலில், எவோரா ஊரில், வேறொரு பட்டறை செய்தது. கூடவே, கதவுகளைக் கட்டும் நிறுவனத்திலிருந்து ஒரு சீட்டு: "உங்களுடையது பொருந்துகிறது. அவர்களுடையது ஆடுகிறது. இரண்டையும் அளந்து, ஏன் என்று சொல்லவும்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால்தான் நோட்டை எடுத்தேன். நான் தமிழில் எழுதுவது இந்தப் பிரெஞ்சு ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் படிக்க முடியாது. அது ஒரு வசதி.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

லோ ஆற்றின் மேல் பனிமூட்டம் கலையாத ஒரு காலையில் ஓதில் வைசெத் தன் காரை விட்டு இறங்கி —

(விட்டுவிட்டேன். நவம்பரில் எங்கள் ஊரில் எல்லாக் காலையும் அப்படித்தான். பனி வந்து இந்தக் கதையில் எதையும் செய்யப்போவதில்லை.)

ஒரு விமானத்தின் எண்ணற்ற பாகங்களை எங்கெங்கோ இருக்கும் பட்டறைகள் கைகோத்து —

(இது கதவுக்காரர்களின் விளம்பரத்தாளில் இருக்கும் வாக்கியம். கைகோத்து என்று எழுதியவர் எந்தப் பட்டறையிலும் யாருடைய கையையும் பார்த்தவராகத் தெரியவில்லை.)

ஓதில் வைசெத் பதினோரு வருடங்களாகத் தவறான தாளில் கையெழுத்துப் போட்டுவந்தாள், அது அவளுக்கே தெரியாது.

இது இருக்கட்டும்.

3

ஓதில் எங்கள் பட்டறையின் தரப் பிரிவுத் தலைவி. ஐம்பத்திரண்டு வயது. (அவரை "அவள்" என்று எழுத முதலில் கை கூசியது. "அவர்" என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். அலுவலக அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவளாகவே இருக்கட்டும்.) நாற்பத்திரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில், எந்தப் பெட்டி வெளியே போக வேண்டுமானாலும் அவளுடைய வட்ட முத்திரை விழ வேண்டும். முத்திரைக்கு மேலே எப்போதும் ஒரே வாக்கியம்: "வரைபடத்தின்படியே செய்யப்பட்டது."

இந்த வாக்கியத்தின் கனம் வெளியாருக்குப் புரியாது. ஒரு துளையைத் தலைமுடி அளவு நகர்த்தினாலும், கழுவும் திரவத்தை மாற்றினாலும், கதவுக்காரர்களிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஒருமுறை ஓர் இயந்திரத்தை ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு நகர்த்தினோம். நாலு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. வெயில் படும் இடம் மாறினால் உலோகத்தின் சூடு மாறுமாம். யாரும் சிரிக்கவில்லை. ஓதில் நிச்சயமாகச் சிரிக்கவில்லை. அவள் அந்த விதிகளை நம்பினாள். விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரையும் தெரியாது, நம்மையும் தெரியாது, தாளை மட்டும்தான் நம்ப முடியும் என்பது அவள் கட்சி.

அந்த இரண்டு துண்டுகளையும் அவள் அளவைக் கருவியில் வைத்தாள். சிவப்புக்கல் முனை ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு எண் சொன்னது. எவோரா துண்டில் அறுபத்தோர் அளவுகள். அறுபத்தொன்றும் வரைபடத்தின்படி, அப்பழுக்கில்லாமல். எங்கள் துண்டில் அறுபது சரி.

அறுபத்தொன்றாவது, அடிப்பக்கத்து நீள ஓரம். அதன் கூர்மையை எடுக்க அரை மில்லிமீட்டர் அராவலாம் என்கிறது வரைபடம். எங்களுடையதில் மூன்று மில்லிமீட்டர் சரிந்திருந்தது.

அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தாள். மூன்று. இன்னொன்று. மூன்று.

ஆடுவது சரியான துண்டு. ஆடாதது தவறான துண்டு.*

* இதைப் படித்துவிட்டு, பதினோரு வருடமாக அளக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓரங்களைக் கருவியில் அளப்பதில்லை. கண்ணால் பார்த்து, "ஓரங்கள்: சரி" என்ற கட்டத்தில் ஒரு குறி போடுவது. முதன்முதலாகச் செய்த இருபது துண்டுகளை மட்டும் எல்லா இடத்திலும் அளந்தார்கள். அவை வரைபடத்தின்படியே இருந்தன. குறிகள் மட்டும் அதற்குப் பிறகும் தொடர்ந்தன.

4

ஓரங்களை அராவுவது நாதேஜ் குதேர்க்கின் மேசை. இந்த நாதேஜை நம்பவைப்பது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. நேரில் அவளைத் தெரிந்தவர்கள், இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல் என்பார்கள். தெரியாதவர்கள், இவ்வளவு வாய் ஒரு பட்டறையில் நடக்குமா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ரக்பி மைதானத்தில் நடுவரைத் திட்டித் திட்டி, திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வருவாள். ஓதிலும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். தினமும் காலையில் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்கிறவர்கள். (ஆகவே முதல் பிரதியில் அவர்கள் வாயில் நான் போட்டிருந்த "நீங்க"வை எல்லாம் எடுத்துவிட்டேன்.)

ஓதில் துண்டை அவள் மேசையில் வைத்து, ஓரத்தை விரலால் காட்டினாள்.

"இத யாரு ராவுனது?"

"நான்தான். வேற யாரு, போப்பாண்டவரா?"

"எத்தன வருஷமா?"

"தியெரி என்கூட இருந்த காலத்துலேர்ந்து. ஏன் முத்திரை, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

முத்திரை என்பது நாதேஜ் அவளுக்கு வைத்த பெயர்.

"வரைபடத்துல அரை மில்லிமீட்டர்னு இருக்கு."

"வரைபடம் கதவ மூடிப் பாத்திருக்கா? தியெரி பாத்தான்."

பிறகு சொன்னாள். தியெரி அப்போது அவள் கணவன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கதவுக்காரர்களின் கூடத்தில், தொடைகளைச் சட்டத்தில் பூட்டும் வேலை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் சூப்பைக் குடித்துக்கொண்டே, உங்க தொடை ஆடுது, நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டி என் இடுப்பு ஒடியுது என்று குறைபட்டான். சட்டத்தின் உள்மூலை செங்குத்தாக இல்லை, கொஞ்சம் வளைந்திருக்கிறது. தொடையின் கூர்மையான ஓரம் அந்த வளைவின் மேல் ஏறி நிற்கிறது. மேஜைக்காலின் கீழ் காகித மடிப்பு சிக்கியதுபோல. மறுநாள் நாதேஜ் ஒரு தொடையின் ஓரத்தை நன்றாகச் சரித்து அராவி, மேல்சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தியெரி அதைத் தன் சாப்பாட்டு டப்பாவில், ரொட்டிக்கும் தொத்திறைச்சிக்கும் நடுவே வைத்து, அவர்கள் கூடத்துக்குள் கொண்டுபோனான். பொருந்தியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து நாதேஜ் எல்லாவற்றையும் அப்படியே அராவினாள்.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு பாதுகாப்பு வாசல்கள், ஒரு சாப்பாட்டு டப்பா. கதவுக்காரர்களின் விளம்பரத்தாள் சொல்லும் கைகோத்தல் இந்தத் துண்டின் விஷயத்தில் உண்மையாகவே நடந்தது, ஒரு சமையலறையில்.

ஆறு வருடத்துக்கு முன் அவர்கள் பிரிந்தார்கள். தியெரி நான்த் நகரத்துப் பக்கம் போய்ப் படகுகளுக்குக் கைப்பிடி செய்கிறான். அவன் போனபிறகு அந்தக் கூடத்தில் இதை அறிந்தவர் யாரும் இல்லை. பொருந்துகிற பொருளைப் பார்த்து ஏன் பொருந்துகிறாய் என்று யார் கேட்பார்கள்?

[இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிஜத்தில் தியெரி நாதேஜின் கணவன் அல்ல, அவள் அக்காவின் கணவன். அக்காவின் கணவனை வைத்து எழுதினேன், கதை ஆடியது. ஓரம் பற்றிய செய்தி அந்தக் கூடத்தில் ஏன் பிறகு நின்றுபோனது என்பதற்கு நல்ல காரணம் கிடைக்கவில்லை. கணவனாக்கி, பிரித்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டது.]

5

வியாழக்கிழமை மொசியே ழோபேர் வந்தார். கதவுக்காரர்களின் பக்கத்திலிருந்து எங்களைப் போன்ற பட்டறைகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் எப்போதும் வியாழக்கிழமைதான் வருவார். ஆற்றங்கரை உணவகத்தில் அன்றுதான் அலிகோ கிண்டுவார்கள். பாலாடைக்கட்டி உருகி ஒரு முழம் இழுபடும்வரை உருளைக்கிழங்கைக் கிண்டுகிற சாப்பாடு. அதற்காக வருகிறார் என்று நாங்கள் சொல்வோம். அவரும் மறுப்பதில்லை.

கதவுகளுக்குத் தேவை கூடிவிட்டதால் பாதி வேலையை எவோராவுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் அறுபது துண்டுகளும் ஆடின. ஆகவே எவோரா தவறு என்பது ழோபேரின் முடிவு. அதை உறுதிசெய்யத்தான் பதினோரு வருடம் ஒரு குறையும் வராத ஓதிலிடம் அளக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவங்க துண்டு சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம். நான் அறுபதையும் திருப்பி அனுப்பிடறேன். மொத்த வேலையும் மறுபடி உங்களுக்கே வந்துடும்."

அளவுத்தாள் ஓதிலின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் முழங்கைக்கு நேர் கீழே.

"ஆடுற துண்ட இறுக்கிப் பூட்டுனா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"உக்காந்துடும்."

"எவ்ளோ நாளைக்கு?"

ழோபேர் மணியைப் பார்த்தார். பன்னிரண்டாகப் போகிறது. அவர் கெட்டவர் இல்லை. முன்பு பொறியாளராக இருந்தவர்.

"கொஞ்ச வருஷம்," என்றார். "அப்புறம் திருகு கிட்ட விரிசல் விடும். அதனாலதான் கேக்கறேன். நாளைக்குள்ள குடுத்துடுங்க."

ஓதில் அன்று அலிகோவுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றாள். அவள் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன்: இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். (இதை நான் பார்க்கவில்லை. இழுப்பறை அப்படித் திறந்து மூடினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதை எழுதத் தெரியவில்லை.)

6

இந்த இடத்தில் கதைக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி. ஓதில் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கிறாள். எவோராவின் பெயர் கெடுகிறது. அவர்கள் மறுபடியும் வரைபடத்தைப் பார்த்து, மறுபடியும் சரியாகச் செய்து, மறுபடியும் ஆடுவதை அனுப்புவார்கள். என்றாவது ஒருநாள் அவசரத்தில் யாரோ ஒருவர் அதை இறுக்கிப் பூட்டுவார்.

இரண்டாம் வழி. உண்மையைச் சொல்கிறாள். அப்போது அவள் முத்திரையிட்ட மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் சான்றிதழ்களும் பொய்யாகின்றன. எங்கள் பட்டறையின் அனுமதியை நிறுத்திவைப்பார்கள். பறந்துகொண்டிருக்கும் கதவுகளை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து கணக்கிட வேண்டும்: மூன்று மில்லிமீட்டர் உலோகம் போனதால் வலிமை போயிற்றா? அநேகமாக இல்லை. ஆனால் அந்த அநேகமாக என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. அந்த மாதங்களில் நாற்பத்திரண்டு பேரும் வீட்டில் இருப்போம். பள்ளத்தாக்கில் வேறு வேலை இல்லை. சிலர் திரும்ப வரமாட்டோம்.

மூன்றாம் வழி, சமையலறை வழி. எவோராவுக்கு ஒரு போன் போட்டு, "மூணு மில்லிமீட்டர் ராவுங்க" என்று சொல்லிவிடுவது. எல்லாம் பொருந்தும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. வரைபடம் மட்டும் தவறாகவே இருக்கும், இரண்டு பட்டறைகள் சேர்ந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. யாரையும் நேருக்கு நேர் பார்க்காமல் ஒரு காரியம் முடிந்தால் எனக்கு நிம்மதி. வெட்கத்தோடு சொல்கிறேன், ஓதிலும் அதைத்தான் முதலில் செய்தாள்.

7

எவோராவில் தரப் பிரிவைப் பார்ப்பவள் கிராசா வலாதாஷ். ஒரே ஒரு முறை இருவரும் சந்தித்திருக்கிறார்கள். கதவுக்காரர்கள் தங்களுக்குப் பாகம் செய்யும் எல்லாப் பட்டறைகளையும் கூப்பிட்டு நடத்திய கூட்டத்தில், ஒரே மேஜையில், ஒருவர் விலையை ஒருவர் தெரிந்துகொள்ளக் கூடாத போட்டியாளர்களாக உட்கார்ந்து, வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கிராசாவின் பிரெஞ்சு மெதுவானது, ஒவ்வொரு சொல்லாக அளந்து வைப்பது.

வியாழக்கிழமை மாலையே போன் போட்ட ஓதில் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். எங்க ஆளு ஒருத்தி ஓரத்த கொஞ்சம் கூடவே எடுப்பா, நீங்களும் அப்படிப் பண்ணிப் பாத்தா… என்று இழுத்தாள்.

"தெரியும்," என்றாள் கிராசா. "முந்தாநாளே ராவிப் பாத்தேன். கதவுக்காரங்க அனுப்புன சட்டத் துண்டுல வச்சேன். அழகா உக்காந்துச்சு."

ஓதில் இப்போது நேராகவே கேட்டாள்:

"அப்புறம் ஏன் அப்படியே அனுப்பல?"

"வரைபடத்துல இல்லையே. நான் எப்படி முத்திரை போடுவேன்? நீ எழுத்துல குடு, ஓதில். ஏன் பொருந்துதுன்னு எழுதிக் குடு. அவங்க வரைபடத்த மாத்தட்டும். அப்ப ராவறேன்."

"எழுதிக் குடுத்தா என் முத்திரை போயிடும்."

"குடுக்கலன்னா என்னோடது போயிடும்." "உன்ன நான் காட்டிக்குடுக்க மாட்டேன். நாளைக்கு வரைக்கும் உன் கடிதத்துக்குக் காத்திருக்கேன், அவ்ளோதான்."

அவள் மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓதிலுக்கு, எனக்கும். மிரட்டல் இருந்தால் கதையை நகர்த்துவது சுலபம். கிராசா அடுத்து, உங்க ஊர்ல இப்ப மழையா என்று கேட்டாள்.*

* கிராசாவின் பேச்சு எனக்கு எப்படித் தெரியும்? ஓதில் போனைக் கீழே வைத்ததும் நாதேஜிடம் சொன்னாள். நாதேஜ் பட்டறைக்கே சொன்னாள். மழையைக் கேட்டதை நாதேஜ் இரண்டு முறை சொன்னாள். ஆகவே அது நிஜம்.

8

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளை. இயந்திரங்கள் நின்றிருந்தன. ஓதில் கணினியில் எழுதாமல் தாளில் எழுதினாள்.

உங்கள் கேள்விக்குப் பதிலாக, எவோரா துண்டுகளில் எந்தக் குறையும் —

அடித்தாள்.

எங்கள் பட்டறையில் நீண்டகாலமாக நிலவும் ஒரு நடைமுறை காரணமாக —

அடித்தாள். நடைமுறை நிலவுவதில்லை. ஒருத்தி அரத்தைப் பிடித்து அராவுகிறாள்.

வரைபடம் தவறு. எவோரா அதன்படி செய்ததால் ஆடுகிறது. நாங்கள் அதன்படி செய்யாததால் பொருந்துகிறது. பதினோரு வருடங்களாக, வரைபடத்தின்படியே செய்யப்பட்டது என்று நான் கையெழுத்திட்டது உண்மை அல்ல.

இதை அவள் அடிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. நான் முப்பது பக்கம் எழுதிச் சொல்ல வந்ததை நாலு வரியில் முடித்துவிட்டாள்.

நாதேஜ் கையில் பாதி ரொட்டியோடு உள்ளே வந்தாள். கேட்காமலே தாளை எடுத்துப் படித்தாள். திட்டுவாள் என்று ஓதில் எதிர்பார்த்தாள். உன் பெயரை எங்கும் போடவில்லை, கவலைப்படாதே, அராவியவர் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று முந்திக்கொண்டு சொன்னாள்.

"அதான் தப்பு," என்றாள் நாதேஜ். "என் பேரயும் போடு."

"பைத்தியமா உனக்கு? உன்னத்தான் முதல்ல வெளிய அனுப்புவாங்க."

"அனுப்பட்டும். பதினோரு வருஷமா அந்தக் கதவெல்லாம் ஒழுங்கா மூடுதுன்னா அதுக்கு நான்தானே காரணம்? எந்தத் தாள்லயாவது அது இருக்கா? ஒரு தடவ இருக்கட்டும், முத்திரை. என்ன அனுப்பறதுக்கான தாளா இருந்தாக்கூட பரவால்ல." ரொட்டியைக் கடித்தாள். "தியெரி பேர மட்டும் போடாத. அவன் பெருமப்பட்டுக்குவான்."

ஓதில் சிரித்தாள். பிறகு அழுதாள் என்று எழுதியிருந்தேன்; எடுத்துவிட்டேன். பேனாவைத் திறந்து, நாதேஜ் குதேர்க் என்று எழுதினாள். எழுத்துக்கூட்டி, பெரிய எழுத்தில்.

ஒன்றரை மணிக்கு இயந்திரங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. தாள் மேசையில் இருந்தது. அன்றைய தபால் நாலு மணிக்குப் போகும்.

9

நாலு மணிக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

எழுதியும் பார்த்தேன். தாள் போனதாக ஒரு பிரதி: அதில் எல்லோரும் கொஞ்சம் உயரமாகிவிட்டார்கள், நாதேஜ்கூட மரியாதையாகப் பேசினாள். தாள் இழுப்பறைக்குள் போனதாக ஒரு பிரதி: அதில் ஓதில் என் கண்முன்னாலேயே சிறுத்துப்போனாள், அவளை அறியாதவர்கள் அவளைத் திட்ட வசதியாக. இரண்டுமே நன்றாக உட்கார்ந்தன. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் எடுத்தால் எந்த முடிவும் உட்கார்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

கணவனை நான் மாற்றினேன். இழுப்பறையைத் திறந்து மூடினேன். இன்னும் இரண்டு இடங்களில் கை வைத்திருக்கிறேன். சொல்லவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் உண்மையின்படியே எழுதப்பட்டது என்று முத்திரையிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இந்த ஒரு ஓரத்தை அராவாமல் விடுகிறேன். தாள் மேசையில் இருக்கிறது, மணி நாலாகப் போகிறது, நாதேஜின் பெயரில் மை காய்ந்துவிட்டது, எவோராவில் ஒருத்தி காத்திருக்கிறாள். இதை உங்கள் மேசையில் வைத்து, மெல்ல அழுத்திப் பாருங்கள்.

ஆடினால், எந்த இடத்தில் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.